விளக்கைத் துலக்கும் புளி, பாத்திரத்தில் என்ன செய்யும்?

கார்த்திகை நெருங்கினால் பரணில் கிடக்கும் பித்தளை விளக்குகள் கீழே இறங்கும். கறுத்துப்போன விளக்கில் புளியையும் உப்பையும் சேர்த்துத் தேய்த்து, சிறிது நேரம் ஊறவிட்டுக் கழுவினால் புதிதுபோல மின்னும். கழுவிய தண்ணீரில் சில சமயம் லேசான பச்சை நிறம் தெரியும். அந்தப் பச்சை, விளக்கிலிருந்து கரைந்து வந்த செம்பு.

காற்றும் ஈரமும் பட்டுப் பட்டு, விளக்கின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. கறுப்பும் பச்சையுமாகத் தெரியும் இதைத்தான் களிம்பு என்கிறோம். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் அந்தக் களிம்பைக் கரைத்துவிடுகிறது. உப்பு அந்த வேலையை இன்னும் வேகமாக்குகிறது. விளக்கைப் பொறுத்தவரை இது நல்ல காரியம். ஆனால் அதே புளியும் உப்பும் சாம்பாரிலும் ரசத்திலும் இருக்கின்றன. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால், விளக்கில் நடந்த அதே கரைசல் அங்கேயும் நடக்கும். இங்கே கழுவிக் கொட்ட முடியாது. சோற்றோடு வயிற்றுக்குள் போய்விடும்.

வீட்டிலும் தோட்டத்திலும் நாம் புழங்கும் உலோகங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள இந்த ஒரு காட்சி போதும். புளிப்பு, உப்பு, ஈரம் இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலான உலோகங்கள் சும்மா இருக்காது. எது கரையும், எது துருப்பிடிக்கும், எது தாக்குப்பிடிக்கும் என்று தெரிந்தால் உடம்பும் பிழைக்கும், காசும் மிச்சமாகும்.

செம்பும் பித்தளையும்: தண்ணீருக்கு நல்லது, புளிப்புக்கு ஆகாது

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்தது. இரண்டிலுமே செம்புதான் பெரும்பங்கு.

செம்பு உடம்புக்கு மிகச் சிறிய அளவில் தேவை. அளவு மீறினால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு வரும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்புக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வெறும் தண்ணீரைச் செம்புக் குடத்தில் இரவு முழுக்க வைத்துக் காலையில் குடிப்பதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. பல மணி நேரம் செம்பில் இருக்கும் தண்ணீரில் நோய்க்கிருமிகள் பல செத்துப்போகின்றன என்று ஆய்வுகளும் காட்டியுள்ளன. ஆனால் அதே செம்பில் எலுமிச்சைச் சாறு, மோர், தயிர், பானகம், பழச்சாறு ஊற்றி வைக்கக் கூடாது. புளிப்பு எதுவானாலும் செம்பை இழுத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். செம்புக் குடம் கிருமியைக் கொல்லும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பையும் புளோரைடையும் எடுக்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற புளோரைடு மிகுந்த பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் வைத்துவிட்டால் சுத்தமாகிவிட்டது என்று நினைப்பது தவறு.

பாலும் இந்தக் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. பால் புளிக்காவிட்டாலும், பாலில் உள்ள புரதம் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் நாட்டில் ஒரு காலத்தில் கைக்குழந்தைகளைக் கொல்லும் கல்லீரல் நோய் ஒன்று பரவலாக இருந்தது. இந்தியக் குழந்தைக் கல்லீரல் சுருக்க நோய் என்று மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1980-களில் புனே பகுதியில் ஆராய்ந்தபோது, நோய் கண்ட குழந்தைகளின் கல்லீரலில் செம்பு மிக அதிகமாகச் சேர்ந்திருந்தது தெரிந்தது. தாய்ப்பாலுக்குப் பதிலாகச் சீக்கிரமே மாட்டுப்பாலோ எருமைப்பாலோ கொடுத்ததும், அந்தப் பாலைப் பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்ததும் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். வீடுகள் எவர்சில்வருக்கும் அலுமினியத்துக்கும் மாறிய பிறகு அந்த நோய் இன்று அரிதாகிவிட்டது. பாட்டி காலத்துப் பித்தளைப் பாத்திரங்கள் மீண்டும் அடுப்பேறும் இந்தக் காலத்தில், கைக்குழந்தைக்கான பாலை மட்டும் அவற்றில் காய்ச்சாதீர்கள்.

ஈயம்: ஒரே பெயர், இரண்டு உலோகம்

அப்படியானால் நம் முன்னோர் பித்தளையில் சமைக்கவில்லையா? சமைத்தார்கள். உள்ளே ஈயம் பூசிச் சமைத்தார்கள். ஈயம் பூசுபவர் தெருவில் துருத்தியோடு வந்து உட்கார்ந்தால், பாத்திரத்தைச் சூடாக்கி நவச்சாரத்தைத் தூவுவார். வெள்ளைப் புகை எழும். சூட்டில் நவச்சாரம் உடைந்து வெளியாகும் அமில ஆவி, செம்பின் மேலுள்ள களிம்பைத் தின்றுவிடும். சுத்தமான அந்தப் பரப்பில்தான் உருகிய ஈயம் ஒட்டும். துணியால் ஒரு துடைப்பு. பாத்திரத்தின் உட்புறம் வெள்ளியாகிவிடும்.

அவர் பூசுவது வெள்ளீயம். புளிப்புக்கு எளிதில் அசையாத, உணவுக்குப் பாதகமில்லாத உலோகம். காரீயம் வேறு. பழைய பேட்டரியிலும் மீன்வலைக் குண்டிலும் இருப்பது காரீயம். அது நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், அறிவுத்திறனைக் குறைக்கும், ரத்தசோகையைக் கொண்டுவரும். இவ்வளவு சேர்ந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படியான பாதுகாப்பான அளவு காரீயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பேச்சுவழக்கில் இரண்டையும் ஈயம் என்றே சொல்வதால்தான் குழப்பம். வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் விலை குறைவு. ஆகவே கலப்படத்துக்கு வழியிருக்கிறது. ஈயச் சொம்பு வாங்கும்போதும், பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போதும் சுத்தமான வெள்ளீயமா என்று கேட்டு, நம்பிக்கையான ஆளிடம் மட்டும் செய்யுங்கள். ஒரே அளவுள்ள சொம்புகளில் ஒன்று மட்டும் வழக்கத்துக்கு மீறிக் கனத்தால் சந்தேகப்படலாம். காரணம், காரீயம் வெள்ளீயத்தைவிட ஒன்றரை மடங்கு கனம். ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் கையாலோ கண்ணாலோ கண்டுபிடிக்க முடியாது; ஆய்வகச் சோதனைதான் சரி.

ஈயச் சொம்பில் ரசம் வைப்பவர்கள் முதலில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுவார்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வெறும் சொம்பை வைத்தால் கண்ணெதிரே உட்கார்ந்துவிடும்.

பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே வெள்ளைப்பூச்சு தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்த்தால், மறுபடி ஈயம் பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை அதில் புளிப்பான எதையும் சமைக்க வேண்டாம்.

பழைய டிராக்டர் பேட்டரியை வீட்டு வாசலில் உடைத்து, ஈயத்தை உருக்கி எடுக்கும் பழக்கம் எங்கேனும் இருந்தால் உடனே நிறுத்த வேண்டும். அந்தப் புகையும் தூசியும் மண்ணில் படிந்து, அங்கே விளையாடும் பிள்ளைகளின் வாய்க்குப் போகும். பழைய பேட்டரியை முழுசாகக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

இரும்பு: கரைந்தாலும் நன்மை

செம்பு கரைந்தால் கெடுதல். இரும்பு கரைந்தால், பெரும்பாலானோருக்கு அது மருந்து. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச் சட்டியில் சமைத்தால் உணவில் இரும்புச்சத்து கூடும். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு போன்ற புளிப்பான பதார்த்தங்களில் இன்னும் கூடுதலாகக் கரையும். ஆனால் சமைத்து முடித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். அதிலேயே விட்டால் நிறமும் ருசியும் கெடும். ரத்தசோகைக்கு மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால், சட்டியை நம்பி அதை நிறுத்தக் கூடாது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் சேர உதவும்.

அருவாமனையில் வாழைப்பூ நறுக்கினால் கறுத்துப்போவதும் ரசாயனம்தான். பூவின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை. முன்பு கடுக்காயையும் இரும்பையும் வைத்து மையும் சாயமும் தயாரித்ததன் சூட்சுமம் இதுதான். நறுக்கியதை மோர் கலந்த தண்ணீரில் போடுவது கறுப்பதைத் தடுக்கும்.

இரும்புச் சட்டி துருப்பிடிக்காமல் இருக்க, கழுவியதும் ஈரம் போகத் துடைத்து, அடுப்பில் ஒரு நிமிடம் காட்டி, எண்ணெய் தடவி வைக்க வேண்டும். துருவுக்குக் காற்றும் தண்ணீரும் வேண்டும். எண்ணெய்ப் படலம் இரண்டையும் அண்டவிடாது.

அலுமினியமும் எவர்சில்வரும்

அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் உறை தானாகவே உருவாகும். அதுதான் அதைக் காக்கிறது. அந்த உறையைப் புளிப்பும் கரைக்கும், காரமும் கரைக்கும். ஆகவே தயிர், புளிக்கரைசல், ஊறுகாய் ஆகியவற்றை அலுமினியத்தில் வைக்கக் கூடாது. சலவைச் சோடா போட்டு ஊறவைப்பதும், சுண்ணாம்பு கரைப்பதும் கூடாது. தண்ணீர் காய்ச்சிக் காய்ச்சி உள்ளே கறுப்பது பாதகமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்ப்பது நல்லது. உடம்பில் சேரும் அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான்.

எவர்சில்வரில் வெள்ளி கிடையாது. இரும்போடு குறைந்தது 10.5 சதவிகிதம் குரோமியம் கலந்தால், அந்தக் குரோமியம் மேலே ஓர் உறை போட்டு இரும்பைத் துருவிலிருந்து காக்கும். இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி 1913-ல் இப்படியொரு எஃகை உருக்கினார். கடையில் 304 ரகம் என்று சொல்வது, ஏறக்குறைய 18 சதவிகிதம் குரோமியமும் 8 சதவிகிதம் நிக்கலும் சேர்ந்தது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ரகம் என்று சிலர் சோதிப்பார்கள். அதை முழுசாக நம்ப முடியாது. நிக்கல் குறைந்த மலிவு ரகங்களிலும் காந்தம் ஒட்டாதவை உண்டு. எவர்சில்வருக்கும் ஒரு பகை உண்டு: உப்பு. கல் உப்பையோ, பிளீச்சிங் பவுடர் கரைசலையோ நாள்கணக்கில் வைத்தால் ஊசி குத்தினாற்போல் பொத்தல் விழும்.

தோட்டத்தில்: யார் முதலில் விட்டுக்கொடுப்பது?

இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால், இரண்டில் ஒன்று மற்றதற்காகக் கரையும். அதற்கு ஒரு வரிசை உண்டு. துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம், காரீயம், செம்பு. இதில் முன்னால் இருப்பது கரைந்து, பின்னால் இருப்பதைக் காப்பாற்றும்.

ஜி.ஐ. கம்பியும் ஜி.ஐ. குழாயும் இரும்பின் மேல் துத்தநாகம் பூசியவை. கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், அக்கம்பக்கத்துத் துத்தநாகம் கரைந்து இரும்பைக் காக்கும். வேலிக்குச் சாதாரணக் கம்பியைவிட ஜி.ஐ. கம்பி பல ஆண்டுகள் கூடுதலாக நிற்பது இதனால்தான். வெட்டிய முனை, வெல்டிங் வைத்த இடம் இரண்டிலும் பூச்சு போயிருக்கும். அங்கே துத்தநாகப் பெயின்ட் அடித்துவிட வேண்டும்.

இதே வரிசை எதிராகவும் வேலை செய்யும். ஜி.ஐ. குழாயில் செம்புக் குழாயை நேரடியாக இணைத்தால், செம்பு பின்னால் இருப்பதால் இரும்பு வேகமாக அரிக்கும். உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் வேகம். இடையில் பிளாஸ்டிக் இணைப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டால் இரண்டும் தொட்டுக்கொள்ளாது.

போர்டோ கலவையிலும் இதே கதைதான். பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் பிறந்து, 1885-ல் மில்லார்டே என்ற அறிஞர் வெளியிட்ட இந்தக் கலவை இன்றும் பூஞ்சண நோய்களுக்குக் கை கொடுக்கிறது. 1 சதவிகிதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுண்ணாம்பை 50 லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். மயில்துத்தம் என்பது செம்பின் உப்பு. அதை இரும்பு வாளியிலோ தகர டின்னிலோ கரைத்தால், இரும்பு கரைந்து உள்ளே போய்ச் செம்பு வாளியில் படிந்துவிடும். வாளியும் ஓட்டை, மருந்தும் வீண். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானை வேண்டும்.

கலவை பதமா என்று பார்ப்பதற்கும் இதே ரசாயனம் உதவுகிறது. பளபளப்பாகத் தீட்டிய அரிவாளையோ கத்தியையோ சிறிது நேரம் கலவையில் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால், கரைந்த செம்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. தெளித்தால் இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசல் சேர்த்து மறுபடி சோதிக்க வேண்டும். கத்தி வெள்ளையாகவே வந்தால் பதம். கலவையை அன்றே தெளித்துவிட்டு, தெளிப்பானை நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். மிச்சக் கலவையைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றினால் மீன் செத்துவிடும்.

மாட்டுக் கொட்டகையில் பித்தளை வால்வு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. வெள்ளைக்காரர் ஆட்சியில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா வாயுதான் காரணம் என்று 1921-ல் விளக்கம் கிடைத்தது. அம்மோனியாவும் ஈரமும் இறுக்கமும் சேர்ந்தால் பித்தளை வெடிக்கும். ஆகவே கொட்டகையில் கோமியம் தேங்காத, காற்றோட்டமான இடத்தில் வால்வைப் பொருத்துங்கள். அல்லது பிளாஸ்டிக் வால்வு போடுங்கள்.

எதை எதில் வைக்கலாம்?

• குடிநீர்: மண்பானை, எவர்சில்வர், செம்பு
• மோர், தயிர், எலுமிச்சைச் சாறு: மண்சட்டி, பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர்
• ஊறுகாய், கல் உப்பு: பீங்கான் ஜாடி, கண்ணாடி
• கைக்குழந்தைக்கான பால்: எவர்சில்வர்
• பித்தளை, வெண்கலத்தில் புளிப்பான சமையல்: உள்ளே வெள்ளீயம் பூசியிருந்தால் மட்டும்
• பஞ்சகவ்யா, மயில்துத்தம், போர்டோ கலவை: பிளாஸ்டிக், மண்பானை. உலோகம் வேண்டாம்
• உர மூட்டைகள்: இரும்புக் கருவிகளிலிருந்து தள்ளி, மரப்பலகை மேல். பொட்டாஷ் உரமும் உப்புதான். காற்றின் ஈரத்தை இழுத்து மண்வெட்டியைத் தின்றுவிடும்

கேள்வி - பதில்

*ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கும்போது தெளிவாக இருக்கிறது. சிறிது நேரத்தில் செங்காவி நிறமாகிறது. சொட்டுநீர்க் குழாயும் அடைக்கிறது. என்ன செய்யலாம்?*

தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கிறது. பூமிக்கு அடியில் காற்று இல்லாததால் அது கரைந்த நிலையிலேயே இருக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாக மாறிப் படியும். அந்தத் துருவைக் குழாய்க்குள் படியவிடாமல் தொட்டியிலேயே படிய வைப்பதுதான் வழி. தண்ணீரை உயரத்திலிருந்து பூவாளிபோல் சிதறித் தொட்டியில் விழச் செய்யுங்கள். ஒரு நாள் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மணல் வடிகட்டி வழியாக எடுங்கள். வீட்டுக்கும் இதே முறைதான். எப்படியும் ஒருமுறை தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

*துருப்பிடித்த ஆணி குத்தினால் ரணஜன்னி வரும் என்கிறார்களே, துருதான் காரணமா?*

இல்லை. ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. துருப்பிடித்த ஆணி பெரும்பாலும் மண்ணில் கிடப்பது, ஆழமாகக் குத்துவது என்பதால் இந்தப் பேச்சு வந்தது. தொழுவத்தில் மின்னும் புது ஆணி குத்தினாலும், கண்ணாடியோ முள்ளோ கிழித்தாலும் அதே ஆபத்து உண்டு. காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். துரு இல்லை என்று அலட்சியமாக இருக்க வேண்டாம்.

*மாட்டுக்கு வாங்கும் தாது உப்புக் கலவையைச் செம்மறி ஆட்டுக்கும் கொடுக்கலாமா?*

கூடாது. மாட்டுக்கான கலவையில் செம்பு அதிகம். செம்மறியின் கல்லீரல் செம்பை வெளியேற்றாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் திடீரென்று கண்ணும் ஈறும் மஞ்சளாகி, மூத்திரம் கறுத்து, ஆடு செத்துவிடும். செம்மறிக்கென்று தனியாகத் தயாரித்த கலவையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

*கறுத்துப்போன வெள்ளிக் கொலுசை வீட்டிலேயே சுத்தம் செய்ய வழி உண்டா?*

உண்டு. வெள்ளி கறுப்பது காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்களால். ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன் மேல் கொலுசை வையுங்கள். ஒரு கரண்டி சமையல் சோடாவைப் போட்டு, கொலுசு மூழ்கும் அளவுக்குச் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். அலுமினியம் கந்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வெள்ளி தேயாமல் வெளுக்கும். கொலுசு தாளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது முக்கியம். கல் பதித்த நகைகளுக்கு இதைச் செய்ய வேண்டாம்.